போர் விளையாட்டும் நடுவுநிலைமையும்

விளையாட்டுக்கு விதி இன்றியமையாதது என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆயினும் அவ்விதிக்கு எவ்வாறு பொருள் கொள்வது, வேண்டுமிடத்து எவ்வாறு மாற்றுவது, மாற்றும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாக்கள் எழும்போது கருத்து வேற்றுமை மிகுகின்றது. பந்தாட்டத்தில் இவ்வினாக்கள் அத்துணை மிகுதியாக எழுவதில்லை. பழைய போர்களைச் சிறு பொம்மைப் படைகளைக்கொண்டு மேசையின்மீது மீண்டும் நடத்திப் பார்க்கும் போர் விளையாட்டிலோ அவை ஆட்டந்தோறும் எழுகின்றன. பந்தாட்ட விதி பந்தாட்டத்தையன்றிப் பிறிதொன்றைக் குறிப்பதன்று. போர் விளையாட்டின் விதியோ என்றோ உண்மையாக நிகழ்ந்த ஒரு போரைத் தன்னுள் அடக்கிக் காட்ட முயல்வது. இதனைச் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கென்று நகைப்போர், சற்றே பொறுத்து இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராக.

இவ்விளையாட்டு முறையாக உருப்பெற்றது பிரஷ்ய நாட்டிலாகும். அந்நாட்டு அலுவலர் ரைஸ்விட்ஸ் என்பார், மேடுபள்ளங்களை அமைத்துக் காட்டவல்ல மேசையொன்றைச் செய்வித்து, 1812ஆம் ஆண்டில் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த அவர் மகனார், தந்தையாரின் முறையைத் திருத்தி 1824இல் விதிநூலொன்றை வெளியிட்டார். நிலப்படம் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்பட்டது. ஒவ்வொரு நகர்வும் இரண்டு நிமிட நேரத்தைக் குறித்தது. இரு திறத்தாரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். சேதத்தைப் பகடையும் அட்டவணையும் முடிவு செய்யும். படைத்தலைமை அலுவலகத் தலைவராயிருந்த ஜெனரல் மூப்ளிங் இதனை நேரிற் கண்டு வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

காலஞ்செல்லச் செல்ல அட்டவணைகளும் கணக்குகளும் சுமையாயின. ஒரு சிறு கைகலப்பின் முடிவைக் காண நெடுநேரம் ஏடு புரட்ட வேண்டியதாயிற்று. ஆதலின் 1876இல் வெர்டி டு வெர்னாய் என்னும் படைத்தலைவர், போரில் பழகிய நடுவர் ஒருவர் தம் அறிவைக்கொண்டே முடிவு கூறலாம் என்று ஒரு நூல் எழுதினார். அன்றுதொட்டு இவ்விளையாட்டில் இரு கட்சியினர் உளர். விதியே தலையாயது என்பார் ஒரு சாரார். நடுவரே தலையாயவர் என்பார் மற்றொரு சாரார்.

தமிழ் பயிலும் நமக்கு இவ்வழக்குப் புதியதன்று. நூற்பா சுருங்கியது, உலகமோ விரிந்தது. ஆகலின் உரையாசிரியர் தோன்றுகின்றனர். தொல்காப்பிய நூற்பா ஒன்றற்கு இளம்பூரணர் கொண்ட பொருளை நச்சினார்க்கினியர் எங்கும் கொண்டாரல்லர். நூலாசிரியர் தாமும் தம் விதிக்குள் அடங்காதன உண்டென்பதை உணர்ந்து புறனடை வகுத்துச் சென்றனர். எனவே உரை வேண்டும் என்பதில் ஐயமில்லை. உரை எவ்வகையது, அது கூறப்படுங் காலம் யாது என்பனவே ஆராயத்தக்கன.

முதற்கண், விதியை அதன் நோக்கம் கொண்டு உணரவேண்டும் என்பது என் கருத்து. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர், பொம்மைப் போர் வீரரைக்கொண்டு தரையில் ஆடும் ஆட்டத்திற்குரிய விதிகளைச் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் 1913இல் ஒரு நூலாக எழுதினார். காலாள் ஒரு நகர்வில் ஓரடி செல்லும். குதிரை ஈரடி செல்லும். பீரங்கிக்கு ஆறு அங்குலத்துள் அதன் கட்சி வீரர் நால்வரேனும் இருந்தாலன்றி அது சுடுதல் கூடாது. இவ்விறுதி விதியின் நோக்கம் தெளிவானது. பீரங்கி தானே சுடாது. அதனை இயக்க ஆட்கள் வேண்டும் என்பதே அது.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் செல்லாது விடுதியில் தங்கிய எங்களுள் மூவர் இவ்விதிகளைக்கொண்டு ஆடினோம். வெல்ஸ் கூறும் வில்விசைப் பீரங்கி எம்மிடம் இல்லாமையால், அதற்கீடாகப் பகடை உருட்டுவதென்று முன்னரே முடிவு செய்துகொண்டோம். களிமண் வீரரையும், தீப்பெட்டிகளை அடுக்கிய மதிலையும் அமைத்தோம். யான் நடுவனாக அமர்ந்தேன். ஒரு நண்பனின் பீரங்கியருகில் மூவர் நின்றனர். நான்காமவன் மதிலுக்கு அப்பால் நின்றான். அடிக்கோல்கொண்டு அளந்தால் அவனும் ஆறு அங்குலத்துள் இருந்தான். பகடை உருண்டது, எதிரியின் குதிரை வீரர் ஐவர் வீழ்ந்தனர். அப்பொழுதுதான் மற்றவன் எழுந்து, மதிலுக்கு அப்பால் நிற்பவன் பீரங்கியை எவ்வாறு இயக்குவான் என்று கேட்டான். விதியின் நோக்கத்தை எண்ணி, அந்தச் சுடுதல் செல்லாது என்று தீர்ப்புக் கூறினேன். பீரங்கிக்குரியவன் சினங்கொள்ளவில்லை. “நீ சொல்லும் பொருள் சரியே. ஆனால் பகடை தவறியிருந்தால் இதனைச் சொல்லியிருப்பாயா?” என்று மட்டும் கேட்டான். எனக்கு விடை தோன்றவில்லை. அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. அவ்வினா மட்டும் என்னை விட்டு நீங்கிற்றில்லை.

அவ்வினாவுக்கு விடை காணுமுன், விதியை மாற்றுவது பற்றியும் கூறவேண்டும். பொதுவாக எழுதப்பட்ட விதி ஒரு குறித்த போருக்கு அப்படியே பொருந்துவதில்லை. 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போரை எடுத்துக்கொள்வோம். முன்னாள் இரவு பெருமழை பெய்து நிலம் சேறாயிருந்தது. வறண்ட நிலத்தில் பீரங்கிக் குண்டு தரையிற்பட்டுத் தாவித் தாவிச் சென்று பலரை வீழ்த்தும். சேற்றிலோ அது புதைந்துவிடும். பீரங்கிகளை இழுத்துச் செல்வதும் அரிது. ஆகவே, வாட்டர்லூவை ஆடுவோர் பீரங்கியின் ஆற்றலையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளல் முறையேயாம். அவ்வாறே, அன்று பிரெஞ்சுக் குதிரைப்படை பன்முறை பாய்ந்தும், சதுர அணிவகுத்து நின்ற ஆங்கிலக் காலாட்படையை உடைக்க இயலவில்லை. குதிரை எளிதிற் சதுரத்தை உடைக்குமாறு ஒரு விதி அமைந்திருப்பின், அதனைத் திருத்துவதே வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆயினும் இத்திருத்தத்திற்கும் ஓர் எல்லையுண்டு. நெப்போலியன் தோற்றான் என்பது வரலாறு. ஆகலின் அவன் பக்கம் ஆடுபவன் தோற்றே தீரவேண்டும் என்று விதி செய்தால், அது விளையாட்டன்று, மனப்பாடம் ஒப்பித்தலே. நிலைமைகளை வரலாறு தரலாம். முடிவை ஆடுவோரே தேடவேண்டும். நிலம் சேறு என்பது நிலைமை. பிரெஞ்சுக்காரர் தோற்பர் என்பது முடிவு. இவ்விரண்டையும் பிரித்தறிபவனே விதியைத் திருத்தத் தக்கவன்.

இனி, காலத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். எங்கள் விடுதியில் களிமண் வீரரோடு முடிந்த இவ்வழக்கு, ஒருமுறை உண்மைப் போர்க்கப்பல்களின் தலைமேலும் எழுந்தது. 1942 மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் கூடி, மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை மேசையின்மீது ஆடிப் பார்த்தனர். அதில் நடுவருள் ஒருவராயிருந்த ஒகுமியா என்னும் அதிகாரி போருக்குப்பின் அதனை எழுதி வைத்துள்ளார். தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குவதாக ஆட்டத்தில் ஒரு கட்டம் வந்தது. அவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் தைத்தன. அகாகி, காகா என்னும் இரு கப்பல்களும் மூழ்கியனவாகக் குறிக்கப்பட்டன. தலைமை நடுவராயிருந்த அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அதனால் அகாகி பிழைத்தது. காகா மட்டும் மூழ்கியது. பின்னர் அடுத்த ஆட்டத்தில் காகாவும் மீண்டும் மிதந்து வந்தது!

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் உண்மைப் போர் நடந்தது. அகாகி, காகா, சோரியூ, ஹிரியூ என்னும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும் அழிந்தன. ஏறத்தாழ மூவாயிரம் ஜப்பானியர் அப்போரில் மாண்டனர்.

உகாகி கூறியதில் உண்மையே இல்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. உண்மைப் போரில் தீவிலிருந்து வந்த விமானங்களின் குண்டு ஒன்றேனும் அக்கப்பல்களிற் படவில்லை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பாய்ந்த விமானங்களே அவற்றை அழித்தன. எனவே ஒன்பது மிகை என்று அவர் எண்ணியது பொருந்தும் என்றே கொள்வோம். பிழை எங்கே? ஆட்டத்திற்கு முன் அட்டவணையைத் திருத்தியிருந்தால் அஃது அறிவு. பகடை விழுந்தபின் திருத்தியமையால் அது விருப்பமாயிற்று. பகடை தவறியிருந்தால் அதனை மிகுத்து மூன்றாக்கியிருப்பாரா? நண்பன் என்னைக் கேட்ட வினா இதுவேயன்றோ! ஆட்டம் அவர்களுக்குக் காட்ட முயன்றது குண்டுகளின் எண்ணிக்கையை அன்று. தம் கப்பல்களும் மூழ்கக்கூடும் என்னும் ஒன்றையே. அதனைக் காண மறுத்து, மூழ்கியதை மிதக்கவிட்டனர்.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இதற்கு மாறான காட்சியொன்றைக் காண்கிறோம். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்து வந்த காலம் அது. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, கடற்படையில் பணியாற்றிய இளம்பெண்களின் துணையுடன் ஓர் அறையின் தரையையே கடலாக்கி ஆடினார். உண்மைக் கடலில் ஒரு தளபதி எவ்வளவு காண்பாரோ அவ்வளவே ஆடுவோர் காணுமாறு திரைகள் தொங்கவிடப்பட்டன. பகைவர் கப்பல் வரிசைக்கு வெளியே நின்று தாக்குகின்றனர் என்பது அதுவரை இருந்த எண்ணம். ஆட்டம் அவ்வெண்ணத்தோடு பொருந்தவில்லை. ராபர்ட்ஸ் ஆட்டத்தை மாற்றினாரல்லர், எண்ணத்தையே மாற்றினார். பகைவர் வரிசையின் பின்புறமாக உள்ளே நுழைந்து தாக்குகின்றனர் என்பது புலனாயிற்று. அதற்கேற்பப் புதிய காவல்முறை வகுக்கப்பட்டுத் தளபதிகளுக்குக் கற்பிக்கப்பட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின், விதியைப் பற்றிய நெறி தானே விளங்கும். விதிக்குப் பொருள் காண்க. அப்பொருள் விதியின் நோக்கத்தைத் தழுவியதாகுக. வரலாறு வேண்டுமாயின் விதியைத் திருத்துக. அத்திருத்தம் இரு திறத்தாரும் அறியப் பகடை விழுமுன் செய்யப்படுக. ஆட்டத்தின் நடுவே ஐயம் எழுந்தால், அவ்வாட்டத்திற்கு எழுத்தின்படியே முடிவு கூறி, திருத்தத்தை அடுத்த ஆட்டத்திற்கு வைத்துக்கொள்க. நடுவனாக அமர்ந்தவன் தீர்ப்புக் கூறுமுன், “முடிவு மறுதலையாக இருந்தாலும் இதனையே கூறுவேனா?” என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்க.

விளையாட்டில் இத்துணை நேர்மை எதற்கு என்பாரும் உளர். நண்பர்களே, நாளை நம்முள் சிலர் ஆசிரியராவோம், சிலர் அலுவலராவோம், சிலர் நீதிமன்றத்தில் அமர்வோம். விடைத்தாளில் எண்ணிட்டபின் மாணவன் பெயரைப் பார்த்து எண்ணைத் திருத்தும் ஆசை அன்று தோன்றாதிருக்குமா? பொம்மை வீரர் பெட்டிக்குத் திரும்புவர். பிழையால் ஒருவரும் இறவார். ஆதலின் பிழையை அறிந்து திருந்துதற்கு அம்மேசையே ஏற்ற இடம்.

விடுமுறை முடிந்து விடுதி திறந்ததும், அந்நண்பனிடம் சென்று, “அன்று வீழ்ந்த குதிரை வீரர் ஐவரும் வீழ்ந்தவரே, என் தீர்ப்பே தவறு” என்றேன். அவன் நகைத்து, “சரி, மதிலைப் பற்றிய விதியை இன்றே எழுதிவிடுவோம்” என்றான். எழுதினோம். அதன்பின்பே பகடையைக் கையில் எடுத்தோம்.