சுவருக்குள் ஒரு லம்பம்

போன வாரம் நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பத்து காஜா பக்கமிருந்து ஓர் அழைப்பு. "அக்கா, வீடு பார்த்திருக்கோம். பழைய ஈய லம்ப நிலமாம். வீட்டுக்காரம்மா வேணாங்கிறாங்க. வாங்கலாமா?" பதில் தெரியாமல் பாட்டைப் போட்டு ஓடிவிட்டேன்.

மாமாவைக் கேட்டேன். 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடத் தொடங்கிய பிறகு, கிந்தா பள்ளத்தாக்கில் மணல் லோரி ஓட்டியவர். சிரித்தார். "நீ இருக்கிற தாமானே எந்த மணல்ல கட்டினதுன்னு நினைக்கிறே?"

லம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தக் கலவையை 'பாலோங்' என்ற நீண்ட மரச் சரிவில் ஓடவிடுவார்கள். ஈயத்தாது சாதாரண மணலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அது அடியில் தங்கிவிடும். மற்றதெல்லாம் கழிவு. மணல் கிட்டத்திலேயே படியும், நுண்ணிய சேறு தூரம் போய்ப் படியும். தீபகற்ப மலேசியாவில் இப்படித் தோண்டிப் போட்ட நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல். பண்டார் சன்வேகூட ஒரு காலத்தில் லம்பம்தான்.

அந்த மணலைக் கழுவிச் சலித்தால் கான்கிரீட்டுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் ஆகும். ஆற்று மணலை அளவில்லாமல் அள்ளினால் கரை சரியும், பாலத்தின் அடித்தூண் தெரியும். ஏற்கெனவே தோண்டிக் கிடப்பதை எடுப்பது எவ்வளவோ மேல் என்பதுதான் என் கட்சி.

சேற்றின் கதை வேறு. கெட்டிப்படாத சேற்றின்மேல் சரியான அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய வீடு மெல்ல அமுங்கும், சுவர் வெடிக்கும்.

இங்கே மாமா ஒரு சொல் சொன்னார்: "அமாங். அதைத்தான் பார்க்கணும்." ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான கருமணலுக்கு லம்பத்தில் அந்தப் பெயர். இல்மனைட், சிர்கோன், மோனசைட் எல்லாம் அதில் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிரியக்கம் உள்ளது. ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேரா மக்களைக் கேளுங்கள். இந்த வகைத் தாதுவிலிருந்து அரிய மண் உலோகம் எடுத்த ஆலையின் கழிவை எதிர்த்து 1985-இல் நீதிமன்றம் போனார்கள். ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது 1994-இல்.

அதற்காக லம்ப மணல் என்றாலே அலற வேண்டாம். அமாங்கை ஒழுங்காகப் பிரித்து, நன்றாகக் கழுவிய மணலில் இந்தக் கவலை குறைவு. அமாங் கொட்டிய இடத்து மணலைச் சோதிக்காமல் அள்ளிக் கலவையில் போட்டால்தான் வம்பு. மணல் எங்கிருந்து வந்தது, கதிரியக்கம் அளந்தார்களா என்று வீடு வாங்குகிற நம்மில் யார் கேட்கிறோம்? சமையலறை டைல்ஸ் நிறத்துக்கு மூன்று கடை ஏறுகிறோம்!

அந்தத் தம்பியைத் திரும்ப அழைத்தேன். மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், பைலிங் எவ்வளவு ஆழம் போனது என்று கேளுங்கள், மணல் வந்த இடத்தையும் கேளுங்கள் என்றேன். நேற்று தகவல் அனுப்பியிருந்தார். விற்பனை அலுவலகத்தில், "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லையே" என்றார்களாம். அடுத்த வாரம் எடுத்துத் தருகிறார்களாம்.

அதுவரை முன்பணம் கட்டப் போவதில்லை. அது வீட்டுக்காரம்மாவின் உத்தரவு.