லைட் எரியுது... அது போதுமா?

"தம்பி, நீ ட்ரிபிள் ஈ தானே படிக்கற? வெளியில ஒரு லைட் போட்டுக் குடுத்துட்டுப் போ." லீவுக்கு ஊருக்குப் போகும் நம்மில் பலர் கேட்ட வசனம் இது. சிவில் படிச்சாலும் விடமாட்டாங்க, 'இன்ஜினியர்' தானே! வேலையும் பெருசாத் தெரியாது. திண்ணை லைட்டுக்கு ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருக்கு. அங்கிருந்து ரெண்டு வயரை இழுத்து, மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு ஹோல்டரை மாட்டினால் முடிஞ்சுது. பல்ப் எரிஞ்சதும் வீட்டில் காபி, பாராட்டு எல்லாம் கிடைக்கும்.

என் கருத்து இதுதான்: லைட் எரிவது வேலை முடிந்ததற்கு அடையாளம். வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம் அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நாம் டிகிரி வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

வெளி விளக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் அது ஆடம்பரம் இல்லை. விடிவதற்கு முன்னால் பால் கறக்கணும். பாம்பு கிடக்கா, பன்னி வந்திருக்கா என்று பார்க்கணும். லைட் வேணும். எப்படிப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

தப்பாகப் போட்டாலும் பல்ப் எரியும் என்பதற்கு மூணு உதாரணம் சொல்றேன்.

ஒன்று, சுவிட்சை நியூட்ரலில் வைப்பது. சுவிட்சை ஆஃப் செய்தால் லைட் அணையும். ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். மழை நாளில் ஈரக் கையோடு ஸ்டூல் மேல் ஏறி பல்ப் மாற்றுகிறவருக்கு 'ஆஃப் பண்ணியாச்சு' என்ற நம்பிக்கைதான் எமன். ஆஃப் செய்த பிறகும் எல்இடி பல்ப் மங்கலாக மினுக்குகிறதா? வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டு, எர்த்தையே நியூட்ரலாக்குவது. சில சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் வயரே வந்திருக்காது. பேஸ் வந்து, சுவிட்ச் வழியாக லைட்டுக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே நியூட்ரல் தேடிப் போகச் சோம்பல்பட்டு, பச்சை வயரில் இணைத்துவிடுவார்கள். பல்ப் பளிச்சென்று எரியும். ஒருநாள் அந்த எர்த் வயர் எங்காவது அறுந்தால், மின்சாரம் பல்ப் வழியாக வந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று அந்த எர்த்தை நம்பியிருக்கும் எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் ஏறி நிற்கும். காப்பாற்றப் போட்ட வயரே ஷாக் அடிக்கும்.

மூன்று, ரெண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றி, வெயிலிலும் மழையிலும் தொங்க விடுவது. கொஞ்ச நாளில் அந்த டேப் காய்ந்து பிரியும். தகரக் கூரையோ இரும்புத் தூணோ துணி காயப்போடும் கம்பியோ அதைத் தொட ஒரு காற்று போதும்.

'எதாவது ஆனா எம்சிபி விழுந்துடும்ல?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பேஸ் வயர் உரசி, மண்ணில் ஊன்றிய இரும்புத் தூணில் படுகிறது. தூணுக்கும் பூமிக்கும் இடையில் 100 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. யாரோ அயர்ன் பாக்ஸ் போட்டிருக்காங்க என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தூண் மட்டும் ராத்திரி முழுக்க உயிரோடு நிற்கும். எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி, நம்ம ஊர்ப் பேச்சில் ஈஎல்சிபி. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். அந்த 30 எவ்வளவு சின்னது தெரியுமா? 10 வாட் எல்இடி பல்ப் எரியவே சுமார் 43 மில்லி ஆம்பியர் வேணும்.

எர்த்தை நியூட்ரலாக்கிய வீட்டில் ஈஎல்சிபி லைட் போட்டதும் விழும். உடனே நம்ம ஆட்கள் தரும் தீர்வு: "அது சும்மா சும்மா விழுது, கழட்டிடு." உண்மையைச் சொன்ன சாட்சியைத் துரத்திவிட்ட கதை.

வீட்டுக்குள்ளே நாம் காய்ந்த தரையில் நிற்கிறோம். வெளியே ஈர மண், வெறுங்கால், குழந்தைகள், ஆடு மாடு. அதிலும் மாடு பாவம். அதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவில் இதயம். மனுஷனுக்குச் சுருக்கென்று மட்டும் தெரியும் கசிவு மாட்டைச் சாய்த்துவிடும்.

நம்ம மாவட்டம் இதை இன்னும் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2023 மார்ச் 7 அன்று மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் 3 யானைகள் செத்துப்போயின. 2 குட்டிகள் மட்டும் தப்பின. வேலியில் கரன்ட் விடுவது குற்றம். கொட்டகைக்கு லைட் போடுவது தேவை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சுவரைத் தாண்டிய மின்சாரம் யாரைத் தொடும் என்பது நம் கையில் இல்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

அப்போ என்ன செய்யணும்? மூணு வயர்: பேஸ், அதே சர்க்யூட்டின் நியூட்ரல், எர்த். சுவிட்ச் பேஸில். இரண்டு லைட்டும் இணையாக. தொடராகக் கொடுத்தால் ரெண்டும் மங்கும். வயர் பைப்புக்குள், ஜாயின்ட் மூடிய பாக்ஸில், மழை தாங்கும் ஃபிட்டிங். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கொட்டகை தூரமென்றால் வயரே வேண்டாம், ஒரு சோலார் லைட் போதும்.

இதை யார் செய்யணும்? பல்ப் மாற்றலாம், பழுதான சுவிட்சை மாற்றலாம். ஆனால் புதிதாக ஒரு லைட் இழுப்பது, மத்திய மின்சார ஆணைய விதிப்படி, இருக்கும் வயரிங்கில் சேர்க்கும் வேலை. அதை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர், தகுதிச் சான்றுள்ளவர் மேற்பார்வையில் செய்யணும். நம்ம பி.இ. சர்டிபிகேட் அந்த உரிமம் இல்லை. 'ஒரு லைட்டுக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன், கூலி தண்டம்' என்பார்கள். கறவை மாடு ஒன்றின் விலையையும் அந்தக் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனுஷ உயிருக்கு விலை போட வேண்டாம்.

நம்ம படிப்பின் மேலும் எனக்குக் குறை உண்டு. முதல் வருஷம் இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேபில் வீட்டு வயரிங், மாடிப்படி வயரிங் எல்லாம் செய்கிறோம். மரப்பலகை மேல், காற்றும் மழையும் இல்லாத அறையில். பல்ப் எரிந்தால் மார்க். அதே பலகையில் ஒரு ஆர்சிசிபியையும் வைத்து, ஒரு கசிவை உண்டாக்கி, 'எம்சிபி ஏன் விழவில்லை?' என்று ஒரு வைவா கேள்வி கேட்டால் போதும். என்எஸ்எஸ் கேம்ப் போகும் ஊரில் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகை லைட்டுகளைப் பார்த்து வரலாம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டில் 'டி' என்று எழுதிய பட்டனைத் தேடி அழுத்துங்கள். கரன்ட் போனால் நல்லது, திரும்பப் போட்டுவிடுங்கள். போகாவிட்டாலோ, அப்படி ஒரு பட்டனே இல்லாவிட்டாலோ, வெளி லைட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் அதைப் பற்றிப் பேசுங்கள்.