வல்லாள மகாராஜாவுக்கு மகன் இருந்தார்!



நம்ம அண்ணாமலையார் கோயிலில் கிழக்கு ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனால் இன்னொரு பெரிய கோபுரம் வரும். அதுதான் வல்லாள மகாராஜா கோபுரம். அவர் கதை நம்ம எல்லோருக்கும் தெரியும். பிள்ளை இல்லாத ராஜாவுக்கும் ராணி சல்லமா தேவிக்கும் சாமியே குழந்தையாக வந்து, காரியம் செய்வதாக வாக்குக் கொடுத்தாராம். அதனால்தான் இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்.

இது கதை. வரலாறு என்ன சொல்கிறது?

அவர் மூன்றாம் வீர வல்லாளர், ஹொய்சாள அரசர். சொந்தத் தலைநகரம் கர்நாடகத்தில் உள்ள துவாரசமுத்திரம். 1311-ல் மாலிக்காபூர் படை அங்கே வந்தது. பிறகு டெல்லிப் படையால் அந்த ஊர் அழிந்ததும் அவர் நம்ம திருவண்ணாமலையில் இருந்து ஆட்சி செய்தார். 1342-ல் சமயபுரம் பக்கம் கண்ணனூரில் மதுரை சுல்தானோடு போர். அப்போது அவருக்கு எண்பது வயசுக்கு மேல் என்று இபன் பதூதா எழுதியிருக்கிறார். அந்த வயசில் நம்ம தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாங்க. இவர் போர்க்களத்துக்குப் போனார். பிடித்துக் கொன்றுவிட்டார்கள்.

அடுத்து பட்டத்துக்கு வந்தது யார் தெரியுமா? அவருடைய மகன் விருபாட்ச வல்லாளர்! ஆமாம், வரலாற்றில் அவருக்கு மகன் உண்டு. ஆனால் சில வருஷத்திலேயே ஹொய்சாளர் ஆட்சி முடிந்துபோனது. அந்த மகன் பேரை நம்ம ஊரில் எத்தனை பேர் சொல்லுவாங்க?

எங்க வீட்டில் மூணு பேரும் பொண்ணுங்கதான். "கொள்ளி போட ஒரு பையன் இல்லையே" என்று சிலர் அம்மா காதுபடவே சொல்லுவாங்க. சாமியே மகனாக வந்த கதையையும் அதுக்குச் சாட்சியாகச் சொல்லுவாங்க. நான் கதையைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் கருத்து வேற. அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ராஜாவை நாம் மறக்காததுக்குக் காரணம் மகன் இல்லை. அவர் கட்டிய கோபுரமும், அவர் காட்டிய வீரமும், பக்தியும்தான். அதெல்லாம் பையனுக்கு மட்டுமா வரும்? பொண்ணுக்கு வராதா?

வருகிற மாசி மகத்துக்குப் போறவங்க இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி