இருபது தோட்டா யார் கையில்?

ஒவ்வொரு சாதிப் படுகொலைக்குப் பிறகும் நம் இளைஞர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு துப்பாக்கிப் படம் வந்துவிடுகிறது. மனு கொடுத்து ஓய்ந்துவிட்டோம், இனி இதுதான் பேசும் என்பது அதன் பொருள். மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் நான் சந்திக்கும் தம்பிகள் படத்தோடு நிற்பதில்லை. எஸ்.எல்.ஆரில் 20 தோட்டா, ஏ.கே.47இல் 30 என்று கணக்கும் சொல்கிறார்கள். இதைச் சினிமா மோகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதன் அடியில் இருப்பது உயிர் பயம். ஆகவே அந்தக் கணக்கையே எடுத்துப் பேசுவோம்.

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் பெட்டி. பழைய 303 ரைபிளில் 10 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். எஸ்.எல்.ஆரில் 20, விசையை அழுத்த அழுத்தச் சுடும். பெட்டி பெரிதாவதால் குறி சரியாகிவிடாது. பெட்டியை மாற்றுவதற்காகச் சுடுவதை நிறுத்தும் நேரம்தான் குறையும். அந்தச் சில நொடிகள் யாரைக் காப்பாற்றும், யாரைக் கொல்லும் என்பதே கேள்வி.

ஆதரவு வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். தாக்க வருபவர்கள் பலராக இருந்தால் 10 தோட்டா போதாது என்பார்கள் அமெரிக்காவில். நமக்கு இது அந்நியமான பேச்சு இல்லை. சாதிவெறி தனியாளாக வருவதில்லை, கும்பலாகத்தான் வரும். மேலவளவில் 1996இல் ஊராட்சித் தேர்தலே மிரட்டலால் தடைபட்டு, கடைசியில் போலீஸ் காவலோடுதான் நடந்தது. வென்ற தலைவர் முருகேசனையும் உடன் இருந்த சிலரையும் 1997 ஜூன் 30 அன்று, பட்டப்பகலில், பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இருந்திருந்தால் என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டமே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 3ஆவது விதி, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் கொடுக்கலாம் என்கிறது.

ஆனால் அந்தப் பேருந்தையே மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆள் நிறைந்த வண்டிக்குள் 20 தோட்டா பாய்ந்தால் அது கொலைகாரனை மட்டும் தேடிப் போகாது. சுட்டவர் பிழைத்தாலும், மறுநாள் சேரிக்குள் நுழையும் போலீஸ் யார் மேல் வழக்குப் போடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1967இல் கலிபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். அதே ஆண்டில் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஆயுத உரிமை எல்லோருக்கும் என்று ஏட்டில் இருக்கும்; அது கறுப்பர் கைக்கு வந்த அன்றுதான் ஆபத்தாகத் தெரிந்தது. இங்கே சேரிக்கு வேறு நியாயம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆயுதம் பெருகும்போது அது யாரிடம் போய்ச் சேர்கிறது? நிலமும் பணமும் காவல்நிலையச் செல்வாக்கும் உள்ளவரிடம். பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா துப்பாக்கிகளோடு வந்து 58 பேரைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேரையும் விடுவித்தது. தோட்டா அவர்களிடம் இருந்தது, தீர்ப்பும் அவர்களுக்கே போனது.

அரசின் கையில் இருக்கும் துப்பாக்கியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் 6 பேரை இழந்தோம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர். ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதை அருணா ஜெகதீசன் ஆணையம் பதிவு செய்தது. 17 என்பது ஒரு எஸ்.எல்.ஆர். மேகசினுக்குள் அடங்கிவிடும் எண். பெரிய மேகசினால் என்ன பயன் என்று கேட்கும் தம்பிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நிற்காமல் சுடலாம், யோசிக்காமல் சுடலாம்.

நிறுத்தம் உயிரைக் காக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் 33 தோட்டா மேகசினோடு வந்தவன் 6 பேரைக் கொன்றான். அது தீர்ந்து அடுத்ததை மாட்ட முயன்ற நேரத்தில்தான் சுற்றி இருந்த சாதாரண மக்கள் அவனை மடக்கினார்கள். 10 தோட்டாவோடு நின்றிருந்தால் அந்த வாய்ப்பு முன்பே கிடைத்திருக்கும். ஆயுதம் இல்லாதவர்களுக்கு அந்தச் சில நொடிகளே துணை. நாம் பெரும்பாலும் ஆயுதம் இல்லாதவர்கள்தான்.

உயிருக்கு மிரட்டல் உள்ள ஒரு ஊராட்சித் தலைவர் 3ஆவது விதியைக் காட்டி உரிமம் கேட்டால் நான் அவர் பக்கம் நிற்பேன். அது தற்காப்பு. 20, 30 என்று தோட்டா எண்ணிக்கையைக் கனவு காண்பது வேறு. அந்தப் போட்டியில் வெல்லப்போவது நாம் அல்ல. அதே 3ஆவது விதி இன்னும் இரண்டைச் சொல்கிறது. வன்கொடுமை நடக்கும் என்று கண்டறியப்பட்ட பகுதிகளில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களின் ஆயுத உரிமத்தை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இதை நம்மில் எத்தனை பேர் மனுவில் எழுதியிருக்கிறோம்?

அடுத்த முறை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் அப்படிக் கண்டறியப்பட்ட ஊர்கள் எவை, அங்கே எத்தனை உரிமங்கள் ரத்தாயின, எத்தனை துப்பாக்கிகள் பிடிபட்டன? மக்கள் கூடும் இடத்துக்கு எஸ்.எல்.ஆர். வரக்கூடாது என்பதையும், போலீஸ் சுடும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் வெளிப்படையான கணக்கு வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேருங்கள். எதிரே நிற்பவனின் பெட்டி காலியாக வேண்டும். நம் ஊருக்குப் பாதுகாப்பு அங்கேதான் தொடங்கும்.