ஊழல் சர்வே: எண்ணுக்கு முன்னாடி கேள்வியைப் பாருங்க!

'ஊழல் பெரிய பிரச்சினையா?' வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கேட்டா, பெரும்பாலும் 'ஆமா'ன்னுதான் பதில் வரும். 'போன வருஷம் பட்டாவுக்கு நீங்க பணம் கொடுத்தீங்களா?'ன்னு கேட்டுப் பாருங்க, தயங்குவாங்க.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் 2020 சர்வேயில் இந்தியர்களில் 89% பேர் அரசு ஊழல் பெரிய பிரச்சினை என்றனர். அதே சர்வேயில், ஊழலைத் தடுப்பதில் அரசு நன்றாகச் செயல்படுகிறது என்றவர்கள் 63%! எந்த அரசு, மத்தியா மாநிலமா? தாலுகா ஆபீஸும் அதில் சேர்த்தியா? இதில் எந்த எண் தலைப்பில் வருதோ, அதுவே 'மக்கள் கருத்து' ஆகிவிடுகிறது (நாங்க மீடியாவும் அதைத்தான் செய்கிறோம்).

அரசு சேவைகளை நாடியவர்களில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 39%. ஆனால் 2018 சட்டத் திருத்தப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை. முன்பின் தெரியாத ஒருத்தர் கேட்டா, யார் உண்மையைச் சொல்வாங்க? அந்த 39 நிஜத்தில் இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.