இயங்கும் வன்தட்டை உருவுவதற்கு முன்

வீட்டில் வைத்திருக்கும் சேமிப்பகக் கணினியில் ஒரு வன்தட்டு பழுதானால், கணினியை அணைக்காமலேயே அதை மாற்றலாமா என்று இரண்டு வாரங்களுக்குள் மூன்று ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரிய கதையன்று.

ஆதிலாபாத் பகுதியில் கோண்டி பேசுவோரிடம் எடுத்த ஒலி, ஒளிப் பதிவுகள் ஏறத்தாழ 5 டெராபைட் அளவுக்கு என் அறையிலுள்ள ஒரு பெட்டியில் இருந்தன. தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வட்டுகள், லினக்ஸ், ரெய்டு 5. ஒரு வட்டு போனாலும் மற்ற மூன்றைக் கொண்டு தரவை மீட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஓர் இரவு, ‘எஸ்டிபி’ என்னும் வட்டு தொகுதியிலிருந்து விலக்கப்பட்டதாகக் கணினி மின்னஞ்சல் அனுப்பியது. ஏ, பி, சி என்ற வரிசையில் பி இரண்டாவது. ஆகவே இடமிருந்து இரண்டாவது அறையின் கைப்பிடியை இழுத்தேன். பெட்டியின் அட்டையில் ‘ஹாட் ஸ்வாப்’ வசதி உண்டென்று அச்சிட்டிருந்தது. அந்த வசதியைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில் எனக்குச் சிறு உற்சாகம்கூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இயங்குதளம் நிறுவப்பட்டிருந்த சிறிய எஸ்எஸ்டி ‘எஸ்டிஏ’ என்ற பெயரை எடுத்துக்கொண்டிருந்தது. பழுதான எஸ்டிபி இருந்தது முதல் அறையில். நான் உருவியது நலமாக ஓடிக்கொண்டிருந்த எஸ்டிசியை.

ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. தொகுதி அந்த நொடியே நின்றது. பதறிப்போய் வட்டைத் திருப்பிச் செருகினேன். அது ‘எஸ்டிஎஃப்’ என்ற புதுப்பெயருடன் வந்து நின்றது. தொகுதி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இணையத்தில் முதலில் கண்ட ஆலோசனை, தொகுதியைப் புதிதாக உருவாக்கும் கட்டளையை இடச் சொன்னது. இந்த ஒரு கட்டளையைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். அது வட்டுகளின் தலைப்பகுதியில் உள்ள பழைய குறிப்புகளின்மேல் புதியவற்றை எழுதிவிடும். வட்டுகளின் வரிசை பிசகியிருந்தால், பாரிட்டியை மீண்டும் கணக்கிடுகிறேன் என்று நல்ல தரவின்மீதே எழுதத் தொடங்கும். நான் அதை இடவில்லை என்பது அறிவினால் அன்று, அச்சத்தினால். மறுநாள் காலை ஒவ்வொரு வட்டும் தன்னிடம் வைத்திருக்கும் நிகழ்வெண்ணை ஒப்பிட்டேன். உருவப்பட்ட வட்டு மற்றவற்றைவிடச் சில எண்களே பின்தங்கியிருந்தது. இத்தகைய நிலையில், இருக்கும் வட்டுகளைக் கட்டாயமாக ஒன்றுசேர்க்கும் வழி உண்டு. அதைச் செய்தேன், தொகுதி எழுந்தது.

எல்லாம் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரங்கள் கழித்துப் பதிவுகளை எழுத்தாக்கம் செய்ய உட்கார்ந்தபோது, 52 நிமிடக் கதை ஒன்றின் கோப்பு பூச்சியம் பைட்டாக இருந்தது. அன்றிரவு பதிவுக் கருவியின் அட்டையிலிருந்து கோப்புகளை நகலெடுக்காமல் நகர்த்தியிருந்தேன். கோப்பு அட்டையிலிருந்து நீங்கிவிட்டது. வட்டில் எழுதப்படுவதற்காக நினைவகத்தில் காத்திருந்தபோது நான் கைப்பிடியை இழுத்துவிட்டேன். இடைப்பட்ட நாள்களில் அந்த அட்டையில் வேறு பதிவுகள் ஏறிவிட்டன. கதை சொன்ன பாட்டி இன்று உயிருடன் இல்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். ஓடும்போதே வட்டை மாற்றும் வசதி, நிற்கவே கூடாத இடங்களுக்காக ஏற்பட்டது. வங்கியின் கணக்குப் பதிவோ மருத்துவமனையின் நோயாளர் பதிவோ பத்து நிமிடம் நின்றால் வெளியே வரிசை நீளும். என் சர்வரின் பயனர் நான் ஒருவர் மட்டுமே. அதுவும் நள்ளிரவில். அதை அணைத்து, உறையைத் திறந்து, வட்டின் மேலொட்டியுள்ள தொடர் எண்ணைக் கணினி சொன்ன தொடர் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு மாற்றியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் உலகில் எவருக்கும் எந்த இழப்பும் நேர்ந்திராது. தடையற்ற இயக்கம் என்பது ஒன்று, தரவின் ஆயுள் என்பது வேறொன்று. ஆய்வாளருக்குத் தேவையானது இரண்டாவது. சந்தை நமக்கு விற்பது முதலாவதை.

1988இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு என்ற கருத்தை முன்வைத்தபோது, விலை மிகுந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறிய வட்டுகளைப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களது வாதம். வட்டுகள் பெருகினால் பழுதும் பெருகும். அதை ஈடுகட்டவே மிகைத்தரவு. வட்டு பழுதாவதற்கு அது விடை. தவறான கைப்பிடியை இழுக்கும் மனிதனுக்கோ, தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்புக்கோ, திருட்டுக்கோ அது விடையாகாது. ஆனால் நம் துறைகளில் “காப்புநகல் இருக்கிறதா?” என்று நெறியாளர் கேட்டால், “ரெய்டு இருக்கிறது” என்று மாணவர் சொல்வதும், நெறியாளர் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரே பெட்டகத்தில் இரண்டு சுவடிகளை வைத்துவிட்டுக் கறையானுக்கு அஞ்சாதிருப்பது போன்றது இது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து பிரதிகளை ஒப்புநோக்க முடிந்தது, அவை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் கிடந்ததனால்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றிச் சுழன்ற வட்டை அணைத்தால், அது மீண்டும் சுழலாமலே போகலாம். நலிந்த வட்டுகள் உள்ள தொகுதியை அணைப்பதே ஆபத்து என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அச்சம் நமக்குச் சொல்வது என்ன? வேறு நகல் இல்லை என்பதைத்தானே? அப்படியானால் எதையும் தொடுவதற்கு முன், தொகுதி குறைபட்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஈடுசெய்ய முடியாத கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுப்பதே முதல் வேலை. புதிய வட்டைச் செருகி மீள்கட்டமைப்பைத் தொடங்குவது அதற்குப் பிறகு. 4 டெராபைட் வட்டை நொடிக்கு 150 மெகாபைட் என்ற நல்ல வேகத்தில் நிரப்பினாலும் ஏழரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் மற்ற மூன்று வட்டுகளும் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்கப்படும். நலிந்த இன்னொரு வட்டு தன்னைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அப்போதுதான். அடுக்கு முறையில் எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டு என்றால் மணிக்கணக்கு நாள்கணக்காகவும் ஆகலாம். சேமிப்பகங்களுக்கென்றே விற்கப்பட்ட வட்டுகள் சிலவற்றில் அந்த வகை சொல்லாமல் சேர்க்கப்பட்டிருந்தது 2020இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே வட்டுதான் பழுதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் விலக்கி வைத்த அந்த எஸ்டிபியைப் பின்னர் வேறு கணினியில் சோதித்தேன். மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள் எதுவும் இல்லை. படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற பகுதிகளும் இல்லை. ஸ்மார்ட் அறிக்கையின் 199ஆம் வரியில், அதாவது பரிமாற்றப் பிழைகளின் எண்ணிக்கையில், சில நூறுகள் ஏறியிருந்தன. அந்த வரி ஏறினால் ஐயப்பட வேண்டியது கேபிளையும் இணைப்பியையும். அந்த எண் என்றும் குறையாது. ஆகவே அது இருக்கிறதா என்று பார்க்காமல், இன்னும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தளர்ந்த கேபிளுக்காக இத்தனையும் நடந்தது என்பதை அறிந்த அன்று நான் யாரிடமும் பேசவில்லை. மேசைக்கணினி வட்டுகளில் இன்னொரு சிக்கல்: ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் அவை ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டே இருக்கக்கூடும். லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 நொடி. அதற்குள் விடை வராததால் வட்டு தொகுதியிலிருந்து தள்ளப்படலாம். சேமிப்பகங்களுக்கான வட்டுகள் பொதுவாக 7 நொடியில் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடும்.

புதிய வட்டைச் செருகியும் கணினிக்குத் தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் சுருக்கமாக. பயாஸில் சாட்டா, ஏஎச்சிஐ முறையில் இருக்கிறதா, அந்தத் துறைக்கு ஹாட் பிளக் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல தாய்ப்பலகைகளில் அது அணைந்தே வரும். வட்டு சுழலும் அதிர்வே கையில் தெரியவில்லை என்றால் சிக்கல் மின்சாரத்தில். குறிப்பாக, வெளிப்புற யுஎஸ்பி வட்டின் உறையை உடைத்து எடுத்த வட்டு என்றால், 2016இல் வந்த சாட்டா 3.3 விதிப்படி அதன் மின்னிணைப்பியின் மூன்றாம் முனைக்கு வேறு பொருள் உண்டு: அங்கு மின்னழுத்தம் வந்தால் வட்டு அணைந்திருக்க வேண்டும். பழைய மின்வழங்கிகள் அதே முனையில் 3.3 வோல்ட்டைத் தொடர்ந்து தருவதால், நல்ல வட்டு செத்ததுபோலக் கிடக்கும். அந்த முனையைக் காப்டன் நாடாவால் மறைத்தால் உயிர் வந்துவிடும். வட்டு சுழல்கிறது, பெயர் மட்டும் வரவில்லை என்றால், கட்டுப்படுத்தியை மறுபடி தேடச் சொல்லும் ஒரு கட்டளை போதும். ஆனால் கணினியை அணைத்து ஏற்றினாலும் அதே பலன்தான்.

என் மனக்குறை கருவிகளைப் பற்றியதன்று. நம் முனைவர் பட்ட ஆய்வேடு சோத்கங்காவுக்குப் போய்விடுகிறது. அது நிலைத்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம். அந்த ஆய்வேடு எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பதிவுகள் ஒரு வாடகை அறையில், கட்டிலுக்கடியில், ஒரு தளர்ந்த கேபிளின் முனையில் இருக்கின்றன. முறையியல் இயலில் ஒலிவாங்கியின் வகையை எழுதுகிறோம், மாதிரி வீதத்தை எழுதுகிறோம். எத்தனை நகல்கள், எங்கெங்கே, கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம் என்பதை எழுதுவதில்லை. எழுதச் சொல்லி எவரும் கேட்பதுமில்லை. அது ‘டெக்னீஷியன் வேலை’ என்ற எண்ணம் மானுடவியல் துறைகளில் இன்னும் இருக்கிறது. எங்களிடம் பேசச் சம்மதித்தவர்கள் அதை யார் வேலை என்று நினைத்துச் சம்மதித்திருப்பார்கள்?

அந்த 52 நிமிடக் கதை முற்றிலும் தொலையவில்லை. பதிவுசெய்த அன்று மாலையே, பாட்டியின் பேத்தி கேட்டதால், அதைச் சுருக்கி எம்பி3யாக அவளது கைப்பேசிக்கு அனுப்பியிருந்தேன். என் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறாத, எந்த ரெய்டிலும் சேராத நகல் அது. அவள் அதை வைத்திருந்தாள்; கேட்டதும் திருப்பி அனுப்பினாள். கதை கேட்கிறது. ஒலியியல் அளவீட்டுக்கு அது உதவாது. உயிரொலிகளின் நீளத்தை ஓரளவு அளக்கலாம், நுண்ணிய அதிர்வெண் வேறுபாடுகளை நம்ப முடியாது. ஆய்வேட்டில் அந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் வரும்.

இப்போது ஒவ்வொரு அறையின் முகப்பிலும் வட்டின் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டி வைத்திருக்கிறேன். முழு நகல் ஒன்று வேறு ஊரில் நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்தில், தரவு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அரைப்பக்கத்தை முறையியல் இயலில் கட்டாயமாக்கக் கோரி ஒரு குறிப்பு அளிக்கப்போகிறேன். உங்கள் துறையில் அப்படி ஏதேனும் படிவம் ஏற்கெனவே இருந்தால், கருத்துரையில் பகிருங்கள். புதிதாக எழுதுவதைவிட அதைத் தழுவிக்கொள்வது எளிது.