அஞ்சாவது முடிந்த பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கலாமா?



மே மாதம் வந்தால் அரவேணுவில் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் போனிலும் என்னிடம் ஒரே கேள்விதான். "டீச்சர், பையன் அஞ்சாவது முடிச்சிட்டான். கீழே மேட்டுப்பாளையம் பக்கம் ஹாஸ்டலோட ஸ்கூல் பார்த்திருக்கோம். சேர்த்திரலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தால், நகையை அடகு வைத்துப் பத்து வயதுப் பிள்ளையை மலையிலிருந்து இறக்காதீர்கள்.

முதலில் பணம். மழையில் இலை நிறைய வரும், விலை இறங்கிவிடும். பனி விழுந்தால் இலையே இருக்காது. ஆனால் ஃபீஸ் தேதி தேயிலையைப் பார்த்து வருவதில்லை. வருடம் 60,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடத்துக்கு 4,20,000 ரூபாய். வட்டி தனி. கல்லூரிச் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இரண்டாவது, அந்த ஏழு வருடத்தின் மதிப்பு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே தொகை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு, அவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஆறாவதில் பள்ளி மாற்றும்போது இதையெல்லாம் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறீர்கள். பலருக்கு இது பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் தெரிகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. ஃபீஸ் கட்ட அப்பா திருப்பூர் போகிறார், அம்மா இங்கே இலை பறிக்கிறார், பிள்ளை ஹாஸ்டலில். ஒரு குடும்பம் மூன்று ஊரில் சாப்பிடுகிறது. உங்களுக்குக் கணக்கு சொல்லித்தரத் தெரியாவிட்டால் என்ன? அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சத்தமாக வாசிப்பதைக் கேளுங்கள், போதும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளையின் முகம் வாடினால் முதலில் கண்டுபிடிப்பது வீடுதான். அந்த வயதில் வாரம் ஒரு போன் போதாது.

"அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வராதே, டீச்சர் இல்லையே" என்பீர்கள். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. குறை இருக்கும் இடத்தில் கேட்க உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்குப் போங்கள். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் நகராதது, இருபது அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் நகரும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பஸ் வராத எஸ்டேட்டில் இருந்து, காட்டுமாடும் யானையும் நிற்கும் வழியில் பிள்ளை நடக்க வேண்டும் என்றால் ஹாஸ்டல்தான் நல்லது. வீட்டில் குடியும் சண்டையும் இருந்தாலும் அப்படித்தான். அதற்காக வருத்தப்படாதீர்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுகிறது என்பதற்காக மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

ஜூன் வருவதற்குள் ஒரு நாள் ராத்திரி, டிவியை நிறுத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நோட்டில் இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். போகப்போவது அவன்தானே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அரவேணு